வோட்கா காக்டெய்ல்: கண்ணுக்குத் தெரியாத அடுக்கு எது?

அடியில் மாதுளைச் சிவப்பு, நடுவில் ஆரஞ்சு, மேலே சங்குப்பூ நீலம். மூன்று நிறமும் கலக்காமல் ஒரே கிளாஸில் நிற்கும். ரீல்ஸில் அடிக்கடி கண்ணில் படும் இந்த வோட்கா காக்டெய்லை வீட்டிலேயே செய்ய முடியுமா? முடியும். ஷேக்கர் வேண்டாம், பார்டெண்டர் வேண்டாம். ஒரு ஸ்பூனும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆனால், செய்து பார்த்தபோது எனக்குப் பிடிபட்ட விஷயம் வேறு. சிவப்பு மாதுளையுடையது, நீலம் பூவினுடையது. இந்த கிளாஸில் நிறமே இல்லாமல் ஒளிந்திருப்பது வோட்கா மட்டும்தான்.

கல்லூரித் தோழிகள் நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். இந்த முறை சென்னையில் என் வீடு. தோழிகளும், அவர்கள் அழைத்து வருபவர்களுமாக எட்டு பேர். சிலர் எப்போதாவது குடிப்பவர்கள், நானும் அதில் ஒருத்தி. ஒரு தோழி மட்டும் குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது.

"வர்றேன்டி. ஆனா எல்லார் கையிலயும் கலர் கலரா கிளாஸ் இருக்கும், என் கையில மட்டும் தண்ணி இருக்கும். ஏன் குடிக்கலைன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க. குடிக்காம இருக்கறது பழகிடுச்சு. காரணம் சொல்றதுதான் முடியல" என்றாள் போனில்.

அவள் ஏன் விட்டாள் என்பது அவள் கதை. இங்கே அது தேவையில்லை. ஆனால், அவள் சொன்னது எவ்வளவு உண்மை! ஒருவர் குடித்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மட்டும், "மாத்திரை சாப்பிடறியா, விரதமா, ஏதாவது விசேஷமா?" என்று விசாரணை தொடங்கிவிடும்.

அவளுக்கும் அதே மூன்று நிற கிளாஸைக் கொடுக்க முடியுமா என்று யோசித்தேன்.

அடுக்கு நிற்பது எதனால்?

வோட்காவால்தான் அடுக்கு நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான வேலையைச் செய்வது சர்க்கரை. ஒரு மில்லி தண்ணீரின் எடை 1 கிராம். ஆரஞ்சு ஜூஸில் இயல்பாகவே சர்க்கரை இருப்பதால், அதன் எடை சுமார் 1.04 கிராம். சர்க்கரை சேர்த்த மாதுளை சிரப் 1.2 கிராமுக்கும் மேல். வோட்கா தண்ணீரைவிட லேசானது, சுமார் 0.95 கிராம். கனமானது அடியில் தங்கும், லேசானது மேலே மிதக்கும். அவ்வளவுதான் ரகசியம்.

இப்போது வோட்காவை எடுத்துவிட்டு, வெறும் சங்குப்பூ தண்ணீரை ஊற்றினால்? அதன் எடை 1 கிராம்தான். ஆரஞ்சு ஜூஸைவிட லேசு. அதுவும் அழகாக மேலே நிற்கும். அதாவது, இந்த அழகுக்கு வோட்கா தேவையே இல்லை.

செய்முறை

மாதுளை சிரப்: வடிகட்டிய மாதுளை ஜூஸ் 200 மில்லி, சர்க்கரை 200 கிராம். சிறு தீயில் சர்க்கரை கரையும்வரை சூடாக்கினால் போதும், பாகு பதம் வேண்டாம். ஆறியதும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்து பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பார்களில் 'கிரெனடின்' என்று சொல்வார்களே, அது இதன் சொந்தம்தான். பிரெஞ்சு மொழியில் 'கிரெனாட்' என்றால் மாதுளை.

சங்குப்பூ தண்ணீர்: அரை கப் வெந்நீரில் பத்து காய்ந்த பூக்களைப் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து வடிகட்டி, நன்றாகக் குளிரவையுங்கள். அடர்நீலமாக இருக்க வேண்டும்.

350 மில்லி பிடிக்கும் கிளாஸில் முதலில் 20 மில்லி சிரப். அதன் மேல் ஐஸ் கட்டிகளை நிரப்புங்கள். சக்கையில்லாமல் வடிகட்டிய ஆரஞ்சு ஜூஸ் 100 மில்லியை, ஸ்பூனின் பின்பக்கத்தில் பட்டு வழியும்படி மெதுவாக ஊற்றுங்கள். கடைசியாக நீல அடுக்கு. வோட்கா வேண்டாதவருக்கு 50 மில்லி சங்குப்பூ தண்ணீர். வேண்டும் என்பவருக்கு 30 மில்லி வோட்காவும் 20 மில்லி சங்குப்பூ தண்ணீரும் கலந்தது. இதையும் ஸ்பூன் வழியாகத்தான் ஊற்ற வேண்டும். ஆரஞ்சின் புளிப்பு பட்ட இடத்தில் நீலம் ஊதாவாக மாறத் தொடங்கும். அமிலம் பட்டால் நிறம் மாறுவது சங்குப்பூ நிறமியின் குணம்.

நாக்கு சொல்லாத கணக்கு

வோட்காவை மட்டும் கண்ணளவாக ஊற்றாதீர்கள். விரல் கணக்கும் வேண்டாம். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடி போதும். இந்தியாவில் விற்கும் பெரும்பாலான வோட்கா பாட்டில்களில் 42.8% ஆல்கஹால் இருக்கிறது. 30 மில்லி ஊற்றினால் சுத்த ஆல்கஹால் சுமார் 10 கிராம். கை தாராளமாகி 60 மில்லி ஆனால், 20 கிராம். நம் உடல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். மோர், எலுமிச்சை, கறுப்பு காபி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால், அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் ஆல்கஹால் கூடுதலாகவே ஏறும்.

பீரின் கசப்போ, விஸ்கியின் எரிச்சலோ ஒரு கட்டத்தில் போதும் என்று சொல்லிவிடும். இதில் இனிப்பும் புளிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்து வோட்காவின் காரத்தை மறைத்துவிடுகின்றன. ஜூஸ் குடிப்பது போலவே இருக்கும். எவ்வளவு உள்ளே போனது என்பது, ஊற்றியவருக்கு மட்டுமே தெரியும். அதனால் அளப்பது ஊற்றுபவரின் பொறுப்பு.

இரண்டு கிளாஸும் ஒரே மாதிரி இருந்தால்?

தோழிக்கு அதே மாதிரி கிளாஸ் என்ற யோசனையில் ஓர் ஆபத்தும் இருந்தது. எட்டு கிளாஸ் ஒரே மேஜையில். யாரோ ஒருவர் கிளாஸை மாற்றி எடுத்தால்? மற்றவர்களுக்கு அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இரண்டு வருடம் ஒவ்வொரு நாளாகக் கடந்து வந்தவளுக்கு அப்படியல்ல. வித்தியாசம் தெரியக் கூடாது, ஆனால் மாறிவிடவும் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்காது என்று அவளிடமே சொன்னேன்.

அவள்தான் வழி சொன்னாள். "என்னுதை ஏன்டி ஒளிச்சு வைக்கணும்? எல்லாருக்கும் வோட்கா இல்லாததையே குடு. வேணும்கறவங்க கேட்டு வாங்கட்டும்."

அப்படியே செய்தோம். வோட்கா கலந்தது பிடி வைத்த ஜாரில் மட்டும். மங்கிய வெளிச்சத்திலும் கை தொட்டாலே தெரிந்துவிடும். வோட்கா பாட்டில் இருந்தது வேறு மேஜையில். வந்தவர்கள் எல்லோருக்கும் முதலிலேயே இதைச் சொல்லிவிட்டேன். ஸ்கூட்டரில் வந்த இருவர் உயரமான கிளாஸை எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை ஷிப்ட் இருந்த ஒருத்தியும் அதையே எடுத்தாள். தோழியோடு சேர்த்து எட்டில் நான்கு பேர் கையில் வோட்கா இல்லாத கிளாஸ். அவளிடம் அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம், "இந்த நீலம் என்ன பூ?" என்பது மட்டும்தான்.

ஸ்கூட்டரில் வந்தவர்கள் செய்தது சட்டப்படியும் சரி. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே மது வாங்கவே முடியாது. 'பாதுகாப்பான அளவு' என்று மதுவில் எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'எப்போதாவதுதானே' என்று சொல்லும் என்னைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான் அது.

வீட்டில் விருந்து வைப்பவர்கள் "என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். "ஏன் குடிக்கல?" என்ற கேள்வி வேண்டாம். வோட்கா வேண்டும் என்பவர் வாய்விட்டுக் கேட்கட்டும். வேண்டாம் என்பவர் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை.