இடையும் செவியும்

'வயிற்று நடனம்' என்று நம்மவர் சொல்லும்போது குரலில் ஒரு சிறு நகைப்பும் கலந்துவிடுகிறது. அந்நடனத்திற்குரிய எகிப்திய மக்கள் அதனை 'ரக்ஸ் ஷர்கி' என்பர். கீழைத்திசை நடனம் என்பது பொருள். வயிற்றைச் சுட்டும் பெயர் பிரெஞ்சுக்காரர் இட்டது. 1893-ஆம் ஆண்டின் சிக்காகோ உலகக் கண்காட்சியை ஒட்டி ஆங்கிலத்திலும் பரவியது. சதிர் என்னும் பெயர் பட்ட பாட்டை அறிந்த நமக்கு இது புதிதன்று.

என் நாற்பத்திரண்டாம் அகவையில், பள்ளி முடிந்த மாலைகளில், சிங்கப்பூரில் இதனைக் கற்கத் தொடங்கினேன். இளமையில் பயின்ற பரதம் ஒருபுறம் உதவியது; ஒருபுறம் தடுத்தது. அரைமண்டியில் பழகிய உடம்பு இடுப்பை அசையாது நிறுத்தவே விரும்பும். இங்கோ முழங்கால் தளர்ந்திருக்க, மார்பு அமைதியாயிருக்க, இடுப்பு மட்டும் தனித்தியங்க வேண்டும். இடுப்பைக் கீழே சொடுக்குதல், எட்டு என்னும் எண்ணின் வடிவில் வளைத்தல், 'ஷிம்மி' என்னும் அதிர்வு ஆகியவற்றை ஈராண்டில் ஒவ்வொன்றாகக் கற்றேன். கண்ணாடியில் ஆசிரியையைப் பார்த்து ஆடினேன், நன்றாகவே ஆடினேன்.

இடைநிலை வகுப்பின் முதல் நாள் அவர் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. "அதிர்வை நிறுத்தாமல் எட்டுப் போடுங்கள், அப்படியே நடங்கள்" என்றார். அதிர்வு முழங்காலில் பிறப்பது, எட்டு இடுப்பில் பிறப்பது என்று உடம்பு பிரித்தறியும்வரை ஒன்றை மற்றொன்று விழுங்கிவிடும். பல மாதங்கள், சோறு வேகும் நேரமே எனக்குப் பயிற்சி நேரமாயிற்று.

அதனினும் கடியது செவியின் பாடம். எகிப்தியர் 'தப்லா' என்னும் குவளை வடிவ முழவின் நடுவே அடித்தால் 'தும்'. விளிம்பில் அடித்தால் 'தக்'. மக்சூம் தாளம் 'தும் தக் – தக் தும் – தக்' எனச் செல்லும். சயீதி தாளமோ 'தும் தக் – தும் தும் – தக்'. மாறுவது ஒரே ஓர் அடிதான். ஆனால் மண்ணே மாறிவிடுகிறது. சயீதி தென் எகிப்தின் தாளம். அங்குள்ள ஆடவரின் தடியாட்டத்தோடு இணைந்தது. அதற்கு இடுப்பு நிலத்தை நோக்கிக் கனக்க வேண்டும். தொடக்கநிலையில் இவ்வேறுபாட்டை எவரும் கேட்பதில்லை. எண்ணிக்கை பிசகாதிருந்தால் போதும்.

பின்னர் 'தக்சீம்' வந்தது. முழவு ஓய்ந்திருக்க, நாணற்குழலோ 'ஊத்' என்னும் நரம்புக்கருவியோ தனித்து இசைக்கும் பகுதி அது. நம் ஆலாபனையை ஒத்தது. எண்ணுவதற்குத் தாளமில்லை, பின்பற்றுவதற்கு எவருமில்லை. 1926-இல் கெய்ரோவில் பதியா மசாப்னி திறந்த அரங்கில் வளர்ந்தவர்கள் சாமியா கமாலும் தஹியா கரியோக்காவும். அவர்களின் பழைய திரைக்காட்சிகளைத் தேடிப் பார்த்தேன். சாமியா அரங்கெங்கும் மிதப்பார். தஹியா நின்ற இடத்திலேயே ஆடுவார். மாணவர் கட்டுரையில் என் சொற்றொடர்களையே மீண்டும் காணும்போது எழும் சலிப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. ஆசிரியையும் ஈராண்டு என்னை அவ்வாறுதான் கண்டிருப்பாரோ?

என் முறை வந்தது. குழலின் முதல் வீச்சு முடியும்வரை அசையாது நின்றேன். இரு மகவைச் சுமந்து தளர்ந்த வயிறு. இருபது ஆண்டுகளாகச் சேலை மடிப்புக்குள் மறைத்தே வந்த வயிறு. குழலின் மூச்சு நீண்டபோது அதில் ஓர் அலை மெல்ல எழுந்து இறங்கியது. எவரும் நகைக்கவில்லை. ஆசிரியை "இன்னொரு முறை" என்றார்.

இப்போது விரல்களில் மாட்டும் 'சகாத்' என்னும் பித்தளைச் சிறுதாளத்தைப் பழகி வருகிறேன். நின்றால் ஒலிக்கிறது, நடக்கத் தொடங்கியதும் ஓய்ந்துவிடுகிறது.