எலி கடித்த வாரண்டி

முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். எந்தக் காகிதத்தையும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை என்று வீட்டில் பெருமை அடித்துக்கொள்வேன். அந்தப் பெருமை 2016-இல் ஒரு வாஷிங் மெஷினோடு போயிற்று.

பிறந்தது, பிரெஞ்சு வழியில் படித்தது, வேலை பார்த்தது எல்லாம் புதுச்சேரி. 2011-இல் ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான காடாம்புலியூருக்கு வந்தோம். அந்த டிசம்பர் 30-ஆம் தேதிதான் தானே புயல். பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் பல நாள் இல்லை; வந்த பிறகும் வோல்டேஜ் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. எந்தச் சாமான் எப்போது புகையுமோ என்ற பயம் அன்று பிடித்ததுதான்.

அதனால், மெஷின் வாங்கியபோது கடைப் பையன், "இன்னும் 2,400 ரூபாய் கட்டிடுங்க சார், கூட மூணு வருஷம் கவலையே இல்ல" என்றதும் கட்டிவிட்டேன். காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டேன்.

இரண்டாம் வருடம் மெஷின் நின்றது. வந்தவர் பின்பக்கத்தைத் திறந்து பார்த்து, "எலி கடிச்சிருக்கு சார். இது வாரண்டியில வராது" என்று மூடிவிட்டுப் போய்விட்டார். அப்போதுதான் காகிதத்தை எடுத்துப் படித்தேன். எலி, பூச்சி சேராது. வோல்டேஜ் ஏற்ற இறக்கம் சேராது. தேயும் உதிரிகள் சேராது. வயலும் தோப்பும் சூழ்ந்த நம் ஊரில் இவை மூன்றும் இல்லாமல் மெஷினை வேறு எது கெடுக்கும்?

அன்றிரவு தூக்கம் வரவில்லை. காரணம் பணம் அல்ல. குடும்ப ஓய்வூதியம் கேட்டு வந்த ஒரு அம்மாவின் மனு நினைவுக்கு வந்தது. இணைப்பு ஒன்று இல்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினேன். மூன்று முறையும் அந்த அம்மா பஸ் ஏறி வந்தார். விதிப்படி நான் செய்தது சரி. மெஷின் பார்க்க வந்தவரும் விதிப்படிதான் பேசினார்.

மறுநாள் பண்ருட்டியிலிருந்து தெரிந்த மெக்கானிக் தம்பி ஒருவரை வரச் சொன்னேன். கடிபட்ட ஒயரை வெட்டி, இணைத்து, மேலே உறை போட்டு, அடியில் எலி நுழையும் வழிக்கு வலையும் அடித்தார். இருபது நிமிடம், இருநூறு ரூபாய். "வாரண்டி இருக்குன்னு நீங்க திறந்து பார்க்கவே இல்ல, இல்லையா ஐயா?" என்றார். அவரிடம்தான் பாடம் தொடங்கியது.

கற்றதில் சிலவற்றைச் சொல்கிறேன். மிக்சி திடீரென்று நின்றால், ஆறவிட்டு, அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதிகச் சுமையில் மோட்டார் எரியாமல் காப்பது அதுதான். பொத்தானை அழுத்தியும் ஓடாவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும். அதில் எழுதியிருக்கும் அதே அளவில் வாங்கி மாற்ற வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். லேசாக உருவி வந்தால் கதவு ரப்பரைக் கவனிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சுவிட்சை அணைத்தால் போதும் என்று ஒருமுறை மின்விசிறியில் கை வைத்தேன். பழைய வீடு, ஒயரிங் செய்தவர் சுவிட்சை நியூட்ரலில் கொடுத்திருந்தார். ஸ்டூலிலிருந்து விழாதது என் மனைவியின் தாலி பாக்கியம். அன்று முதல் மெயினை இறக்காமல் ஏறுவதில்லை. மைக்ரோவேவ் அடுப்பை நான் தொடவே மாட்டேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கண்டன்சரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் நிற்கும். ஃபிரிட்ஜ் கேஸ் வேலையும் தெரிந்தவர்களுக்கே.

நான் படித்த மொழிக்காரர்கள் இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். பிரான்சில் 2021-இல், வாஷிங் மெஷின், டிவி, செல்போன் போன்றவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். கழற்றுவது எளிதா, உதிரி கிடைக்குமா, என்ன விலை என்று பார்த்துப் போடும் மதிப்பெண். நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் தொடங்கியது. வாங்கும்போதே "உதிரி எங்கே கிடைக்கும்?" என்று கேட்கும் பழக்கம் நமக்கும் வர வேண்டும்.

இப்போது கடையில் கூடுதல் வாரண்டி கேட்டால் வேண்டாம் என்றுவிட்டு, அந்தத் தொகையை வீட்டில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கிறேன். கணக்கு மனைவியிடம். பழுதுக்கு அதிலிருந்தே எடுக்கிறோம், இதுவரை காலியானதில்லை.

2011-இல் தொடங்கி அரசு தந்த விலையில்லா மிக்சியும் மின்விசிறியும் எங்கள் தெருவில் இன்னும் ஓடுகின்றன. போன வாரம் எதிர்வீட்டுப் பெண் அப்படி ஒரு மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்து, "பில்லு, அட்டை எதுவும் இல்லீங்க பெரியப்பா" என்று தயங்கினாள்.

"அதெல்லாம் வேண்டாம்மா, உள்ளே கொண்டா" என்றேன்.