எப்பக்கமும் ஒன்றே

அமெரிக்காவின் மொன்டானா ஆறுகளில், பெரிய ஸ்டோன்ஃபிளைப் பூச்சி தன் இளம்பருவத்தின் மூன்று நான்கு ஆண்டுகளைக் கற்களினடியில் கழிக்கிறது. டிரவுட் மீனுக்கு அது இரை. தூண்டில் முள்ளில் அதன் போலியைக் கட்டுவோர், கருத்த முதுகு, வெளிறிய வயிறு என மேசைமேல் கண்டவாறே இழைத்தனர். சார்லஸ் புரூக்ஸ் ஆற்றில் மூழ்கிப் பார்த்தார். உயிருள்ள பூச்சி ஓட்டத்தில் நிமிர்ந்தே சென்றது. போலியோ உருண்டு, முதுகையும் வயிற்றையும் மாறிமாறிக் காட்டியது. எனவே ஈயக் கம்பிமேல் கறுப்பு நூல், செம்புக் கம்பி, சேவல் இறகு ஆகியவற்றைச் சுற்றி, எப்பக்கமும் ஒன்றாய்த் தோன்றக் கட்டினார். மேசைமேல் அதில் உருவ ஒற்றுமை குறைவு. நீரில் அதுவே மெய். பேச்சிலிருந்து சொல்லைப் பிரித்து மேசைமேல் வைத்து விவரிக்கும் மொழியியலாளரும் ஒருமுறை ஆற்றில் இறங்கத்தான் வேண்டும்.