தொப்பூர்க் கணவாயும் ஒரு பெருக்கெண்ணும்

தருமபுரியில் வசிக்கும் எங்களுக்குச் சேலம் என்பது தொப்பூர்க் கணவாய்க்கு அப்பால் இருக்கும் ஊர். மருத்துவம், பல்கலைக்கழக வேலை, உறவினர் திருமணம் என எதற்குப் போனாலும் அந்த இறக்கத்தைக் கடந்தாக வேண்டும். காடும் குன்றுமாக அழகான இடந்தான். ஆனால் அதுவரை பேசிக்கொண்டு வந்த பயணிகள் அங்கே சற்று அமைதியாகிவிடுவதைப் பலமுறை கவனித்திருக்கிறோம். பெங்களூர்ப் பக்கமிருந்து பாரம் ஏற்றிவரும் லாரிகள் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் (பழைய எண் 7) இங்கேதான் சேலத்தை நோக்கிக் கீழிறங்குகின்றன. 2020 டிசம்பர் 12 அன்று சிமெண்ட் ஏற்றிவந்த லாரி ஒன்று கட்டுப்பாடிழந்து முன்னிருந்த வாகனங்கள்மீது மோதியதில் நால்வர் இறந்தனர். 2024 ஜனவரி 24 அன்று மீண்டும் நால்வர். இவை நாடறிந்த விபத்துகள். மற்றவை நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்துவிடுகின்றன.

சொல்லப்படும் காரணங்களுள் முதன்மையானது, டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடும் வழக்கம். கியரில் இருக்கும்வரை எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. நியூட்ரலில் அத்தனை பாரமும் பிரேக்கின் தலையில் விழுகிறது. மிதிக்க மிதிக்கச் சூடேறி, பிடிமானம் குறைந்து, ஒரு கட்டத்தில் எவ்வளவு அழுத்தி மிதித்தும் வண்டி நிற்பதில்லை. ஓட்டுநரைக் குறைசொல்லிவிட்டு நகர்வது எளிது. டீசல் கணக்கை லிட்டர் லிட்டராகக் கேட்கும் உரிமையாளருடைய கையும், இத்தகைய சரிவில் வேகச் சாலையை விரித்தவர்களுடைய கையும் அந்தக் கியர்க் கம்பியின் மேல் இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது.

விபத்து முடிந்தபின் சட்டம் வருகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, காயமுற்றவரோ இறந்தவரின் குடும்பத்தாரோ இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். யாருடைய தவறு என்று நிறுவாமலேயே இறப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் பெறும் வழியும் 164ஆம் பிரிவில் உண்டு. தவறை நிறுவிக் கூடுதலாகப் பெற விரும்பினால் ஒரு கணக்கு இருக்கிறது. 2009இல் சரளா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்தது அது. 38 வயதுக் கொத்தனார் ஒருவர் மாதம் 10,000 ரூபாய் ஈட்டினார் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்த்தால் 14,000. நான்கு பேர் அவரை நம்பியிருந்தால், அவருடைய சொந்தச் செலவென்று கால் பங்கைக் கழிக்க, 10,500. ஆண்டுக்கு 1,26,000. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 15. ஆக 18,90,000 ரூபாய். ஈமச் செலவு முதலியவை தனி. அவரே 41 வயதில் இறந்திருந்தால் எதிர்கால உயர்வு 25 விழுக்காடு, பெருக்கெண் 14, தொகை 15,75,000. நாற்பதைக் கடந்த எங்களைப் போன்றவர்கள் இந்த அட்டவணையை ஒருமுறையேனும் தமக்குப் போட்டுப் பார்க்காமல் மூடிவைக்க முடியாது.

எங்கள் துறையில் பயின்ற மாணவி ஒருவரின் தாயார், கணவரின் இருசக்கர வாகனத்தில் பின்னால் அமர்ந்து சென்றபோது லாரி மோதி இறந்தார். சில வாரங்கள் கழித்து அந்தப் பெண் மனுவின் படியைக் கொண்டுவந்து காட்டினார். ‘தொழில்’ என்ற இடத்தில் ‘வீட்டு வேலை’ என்றிருந்தது. “ஐயா, வக்கீல் அம்மா என்னென்ன வேலை செஞ்சாங்கன்னு எழுதிக் கொண்டுவரச் சொன்னார். எனக்கு எழுத வரலைங்க ஐயா” என்றார். தமிழ் முதுகலை மாணவி அவர். எழுத வராமலில்லை; எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

துறையில் இருந்த நாங்கள் மூவரும் கேட்கக் கேட்க அவர் சொன்னார். விடியற்காலை இரண்டு மாடுகளில் பால் கறப்பது, சங்கத்துக்குக் கொண்டுபோய் ஊற்றுவது, சாணம் அள்ளுவது, சமையல், மாமியாருக்கு மருந்து, ராகிக் காட்டில் களை, மாலையில் மீண்டும் கறவை. இரண்டு பக்கம் நிரம்பியது. தகடூர் எனப்பட்ட இதே ஊரை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடலை (புறநானூறு 235) வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறோம். வள்ளல் போனான் என்று பொதுவாகச் சொல்லி அது நின்றுவிடுவதில்லை. கள் சிறிதளவு கிடைத்தால் அவன் என்ன செய்தான், மிகுதியாகக் கிடைத்தால் என்ன செய்தான் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. அன்று அந்தப் பெண் சொல்லச் சொல்ல எங்களுக்கு அப்பாடல்தான் நினைவில் ஓடியது. ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. அது பாடம் நடத்தும் நேரமன்று.

சட்டத்துக்கும் இந்த எண்ணிக்கை பழகக் காலம் பிடித்தது. 1994இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் அட்டவணை, ஈட்டாத மனைவியின் வருமானத்தைக் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தது. 2010இல் அருண்குமார் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பார்வையைக் கண்டித்தது. 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கின் தீர்ப்பில் நீதிபதி ரமணா, ஊதியமில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகக் கூறும் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை எடுத்துக்காட்டினார். மாட்டுக் கொட்டகையையும் ராகிக் காட்டையும் சேர்த்தால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு 299 போதாது.

சில நடைமுறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறோம். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை வழக்குகள் சென்றன. வழக்கு எப்படிப் போனாலும், துக்கம் ஆறட்டும் என்று காத்திருக்கும் நம் வழக்கம் இங்கே உதவாது. முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று அல்லது பிணக்கூறு அறிக்கை, வயதுச் சான்று ஆகியவற்றை உடனே வாங்கிவைக்க வேண்டும். வழியில் விழுந்துகிடப்பவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய நேரும் என்ற அச்சம் இன்னும் போகவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 134அ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பளிக்கிறது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உச்சவரம்புக்கு உட்பட்டு அரசே செலவேற்கிறது. பின்னிருக்கையில் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்பது 129ஆம் பிரிவு. சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் அமர்ந்துவரும் பெண்களை நெடுஞ்சாலையில் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்குப் பதறுகிறது.

மாணவியின் வழக்கு விசாரணைக்கு வந்தது. அவருடைய அம்மா பால் ஊற்றினார் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர் கேட்டார். சங்கத்தின் பால் அட்டையை எடுத்து நீட்டினார் அந்தப் பெண். உறுப்பினர் என்ற இடத்தில் அவருடைய அப்பாவின் பெயர் இருந்தது.