மதிப்பெண்ணுக்கும் ஊர் உண்டு

டாலஸுக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் புறநகரில், பொங்கல் விழாவானாலும் பிறந்தநாள் விருந்தானாலும், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்களின் பேச்சு கடைசியில் எஸ்.ஏ.டி. தேர்வில் வந்து நிற்கும். 1600க்கு எவ்வளவு, 1500 தாண்டிவிட்டதா, தாண்டினால் எங்கே கிடைக்கும் என்று கேட்டபடியே இருப்போம். ஓசூரில் இருக்கும் என் அண்ணனுக்கும் அதே கவலைதான். மகளின் ஜே.இ.இ. மெயின் மதிப்பெண் அட்டையை போனில் அனுப்பிவிட்டு உடனே அழைத்தார். “95 பர்சன்டைல் வாங்கியிருக்காம்மா. திருச்சி என்.ஐ.டி. கிடைச்சிடும்தானே?”

அந்த அட்டையில் 95க்குப் பிறகு புள்ளி வைத்து ஏழு இலக்கங்கள் இருந்தன. ஒரே இடத்தில் பலர் முட்டிக்கொண்டு நிற்பதைக் குறைக்கத்தான் அத்தனை இலக்கம். நூற்றுக்கு 95 மார்க் என்று அதைப் படிக்கக் கூடாது. எழுதியவர்களில் 95 சதவீதம் பேர் அவளுக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். சுமார் 14 லட்சம் பேர் எழுதும் தேர்வில் மிச்சமுள்ள 5 சதவீதம் என்றால் 70 ஆயிரம் பேர். அத்தனை பேரும் அவளுக்கு முன்னால். நாட்டின் 31 என்.ஐ.டி.களிலும் சேர்த்துச் சுமார் 24 ஆயிரம் இடங்கள்தான். இட ஒதுக்கீட்டுப் பட்டியலில் ரேங்க் வேறாக இருக்கும். பொதுப் பட்டியலில் அந்த இடத்துக்குத் திருச்சி எட்டாது. அண்ணனிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் கனத்தது. நன்றாகப் படித்த பெண்தான். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து வளர்த்துக்கொள்ளும் நம்பிக்கை, கவுன்சலிங் நாளில் பிள்ளையைத்தான் உடைக்கும்.

எங்கள் ஓசூர்ப் பகுதியில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஜூஜுவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். பத்தாம் வகுப்பு முடித்ததும் கோச்சிங்கோடு சேர்ந்த கல்லூரி என்று பிள்ளைகளை பெங்களூருக்கு அனுப்பும் குடும்பங்கள் ஓசூரில் நிறைய. அண்ணனும் மகனை அப்படித்தான் அனுப்ப நினைத்தார். என்.ஐ.டி.களில் பாதி இடங்கள் அந்தந்த மாநில மாணவர்களுக்கு. எந்த மாநிலம் என்பதை முடிவு செய்வது வீட்டு முகவரி அல்ல, பன்னிரண்டாம் வகுப்பில் எந்த மாநிலத்தில் தேர்ச்சி பெற்றார் என்பது. ஓசூர்ப் பையன் பெங்களூரில் பன்னிரண்டு முடித்தால் திருச்சி அவனுக்கு வெளி மாநிலக் கல்லூரி, கர்நாடகத்தின் சூரத்கல் என்.ஐ.டி.தான் சொந்த மாநிலக் கல்லூரி.

அப்படியானால் கர்நாடகத்தின் சி.இ.டி. தேர்வு எழுதி அரசு ஒதுக்கீட்டில் சேரலாமே என்று தோன்றும். அதற்குப் பொதுவாக அந்த மாநிலத்தில் குறைந்தது 7 ஆண்டு படித்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு போதாது. தனியார் கல்லூரிகளுக்கான காமெட்கே தேர்வு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் கட்டணம் வேறு. திரும்பி வந்து அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தால் இருப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். பையனும் அவன் வாங்கும் மார்க்கும் அதேதான். படித்த இடம் மாறியதால் அந்த மார்க் திறக்கும் கதவுகள் மாறிவிடுகின்றன.

டெக்சஸில் இதை நான் வேறு வடிவத்தில் பார்த்தேன். இங்கே 1997இல் ஒரு சட்டம் வந்தது. பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் 2026 சேர்க்கைக்கு அதை 5 சதவீதமாகக் குறைத்திருக்கிறது. மாணவரை அவருடைய பள்ளிக்குள்ளேயே ஒப்பிடுவதால் சிற்றூர்ப் பள்ளியின் முதல் மாணவிக்கும் வாசல் திறக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியென்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதி என்று அர்த்தமில்லை. அதற்குத் தனிப் போட்டி.

டார்ட்மத் கல்லூரி 2024இல் எஸ்.ஏ.டி.யை மறுபடி கட்டாயமாக்கியபோது சொன்ன காரணம் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. வசதி குறைந்த பள்ளிகளின் பிள்ளைகள் தங்கள் மதிப்பெண் போதாது என்று நினைத்து அதை அனுப்பாமலே விட்டிருக்கிறார்கள். பள்ளியின் சராசரியோடு வைத்துப் பார்த்தால் அது அவர்களுக்குச் சாதகமாகவே இருந்திருக்கும். சொல்லித்தர ஆள் இல்லாததால் கையில் இருந்த பலத்தை அவர்கள் பயன்படுத்தவில்லை.

மதிப்பெண்ணை மாணவர் படித்த பள்ளியோடு சேர்த்துப் பார்ப்பதைத் தமிழ்நாடு சட்டமாகவே செய்தது. நீட் தேர்ச்சி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் வந்தது, அடுத்த ஆண்டு பொறியியலுக்கும் வந்தது. அஞ்செட்டி மலைப்பக்கத்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணின் நீட் மதிப்பெண்ணை அவள் வந்த வழியோடு சேர்த்துப் படிக்கும் முறை இது. நம் ஊரில் இன்னொரு நன்மையும் உண்டு. 2007இல் பொறியியல் நுழைவுத்தேர்வு நீங்கிய பிறகு கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்கான கட் ஆஃபை யாரும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். போன ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவு, எந்த வகுப்பினருக்கு எதில் முடிந்தது என்ற பட்டியலும் கிடைக்கும். இங்கே அமெரிக்காவில் எஸ்.ஏ.டி.யில் 1550 வாங்கிய பிள்ளைக்கும் இல்லை என்று கடிதம் வரும், காரணம் சொல்ல மாட்டார்கள். என் மகளுக்கு அந்த ஒரு தாள் கணக்கு கிடைக்காதா என்று நான் ஏங்கியதுண்டு.

அதனால் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வரும் பெற்றோருக்குச் சொல்கிறேன். எத்தனை மார்க் என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பட்டியலில் எத்தனையாவது ரேங்க், அந்தப் பட்டியலுக்கு எத்தனை சீட், நம் பிள்ளை எந்த மாநிலக் கணக்கில் வருகிறாள் என்று கேளுங்கள். பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கும் முன்பே கேளுங்கள். ரிசல்ட் வந்தபின் பள்ளியை மாற்ற முடியாது. அண்ணன் மகன் இப்போது ஓசூரிலேயே பதினொன்றாம் வகுப்பு சேர்ந்திருக்கிறான். மகள் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியையும் விருப்பப் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் இருவரும் இந்த முடிவுகளை எடுத்தார்கள். அந்தத் தெளிவு நம் பகுதியின் ஒவ்வொரு அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் பதினொன்றாம் வகுப்பின் வாசலிலேயே கிடைக்க வேண்டும்.