கொப்பரை சுமந்த சிப்பாய்

லண்டன் செல்சியாவிலுள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில், கேப்டன் வில்லியம் சைபோர்ன் 1838-இல் மக்கள் பார்வைக்கு வைத்த வாட்டர்லூ போர்க்கள மாதிரியை ஒரு பகல் முழுவதும் பார்த்துவிட்டு, மறுநாள் காலை நான் நாட்டிங்ஹாமுக்கு ரயிலேறினேன். 70,000-க்கும் மேற்பட்ட உலோகச் சிப்பாய்களை, ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரமே உள்ளவர்களாக, 1815 ஜூன் 18 மாலை ஏழேகால் மணியளவில் அவரவர் நின்ற இடத்தில் நிறுத்திக் காட்டுவதற்காக, அம்மனிதர் லா ஏ சான்த் என்ற பண்ணைவீட்டிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். அரசாங்கம் பண உதவியை நிறுத்திக்கொண்ட பின்னரும் கடன்பட்டு வேலையை முடித்தார். அந்தச் சிரத்தைக்கு முன்னால் தலை தானாகவே வணங்குகிறது. ஆயினும் அங்கே சேனைகள் தெரிகின்றனவே தவிர, தனி மனிதன் ஒருவன்கூடக் கண்ணுக்கு அகப்படுவதில்லை.

எனக்கு வேண்டியிருந்தது தனி மனிதன். பத்துப் பேருக்குப் பத்துப் பேர் மோதும் சிறு சண்டைகளை மேசைமேல் ஆடுகிறவன் நான். இவ்வகை ஆட்டத்தில் ஒரு பொம்மை ஒரு படைப்பிரிவைக் குறிப்பதில்லை, ஓர் ஆளையே குறிக்கிறது. சைபோர்ன் தேர்ந்த அந்த மாலை வேளையில் லா ஏ சான்த் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்விட்டிருந்தது. அதற்கு முந்திய மணிநேரங்களில், ஆங்கில அரசரின் சேவையில் இருந்த ஜெர்மன் படையின் இரண்டாம் இலகு பட்டாளத்தார் ஏறக்குறைய 400 பேர், மேஜர் பேரிங் என்பவரின் கீழ், தோட்டா தீரும் வரையில் அப்பண்ணையைக் காத்து நின்றார்கள். இறுதியில் அவருடன் எஞ்சியவர்கள் 42 பேர் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பிற்பகலுக்குரிய ஆட்களைத் தேர்ந்தெடுக்கவே நான் புறப்பட்டிருந்தேன்.

1970-களின் இறுதியில் பக்கத்து ஊரான நியூவார்க்கில் சிட்டடல் பட்டறை தோன்றிய காலந்தொட்டு, நாட்டிங்ஹாம் வட்டாரத்தில் இத்தகைய சிற்றுருவச் சிப்பாய்களை வார்க்கும் தொழில் வேரூன்றிவிட்டது. ஆட்டக்காரர்கள் அதை ஈயப் பிரதேசம் என்றே அழைக்கிறார்கள். நான் சென்ற பட்டறை ஒரு பழைய லேஸ் ஆலைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. அங்கே சிற்பி ஒருவரும், வார்ப்பு வேலை பார்க்கும் வயதான அம்மையார் ஒருவரும் இருந்தார்கள்.

சிற்பி நீலமும் மஞ்சளுமான இரண்டு பசைகளைப் பிசைந்தார். பச்சையாக மாறிய அந்தக் கலவையைக் கம்பி எலும்பின்மேல் அப்பி, பல் மருத்துவர் கருவி போன்ற ஒரு முனையால் உருவம் கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளங்காலிலிருந்து கண் வரையில் பதினெட்டு மில்லிமீட்டர். அவர் செய்துகொண்டிருந்த துப்பாக்கியின் பருமனைக் கண்டு, இது உண்மைக்குப் பொருந்தாதே என்று கேட்டேன். உண்மை விகிதத்தில் செய்தால் பேக்கர் ரைபிளின் குழல் கால் மில்லிமீட்டர்கூட இராது, உலோகம் அதற்குள் ஓடாது, ஓடினாலும் முதல் தொடுதலிலேயே ஒடிந்துவிடும் என்று அவர் நிதானமாகச் சொல்லி, முடிந்த உருவம் ஒன்றை என் கையில் கொடுத்து, ஒரு முழ தூரத்தில் நீட்டிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். தடித்த குழலும், பெருத்த கையும், சற்றே பெரிய தலையும் தத்தம் மிகையை இழந்து, குறி பார்க்கும் ஒரு மனிதனாகவே ஒன்றுபட்டு நின்றன. சிற்றுருவத்தில் அளவு பொய்த்தால்தான் தோற்றம் மெய்யாகும் என்பதை அந்தக் கணத்தில் நான் பிரத்தியட்சமாக உணர்ந்தேன்.

பச்சை மூல உருவங்களை வட்டமான இரண்டு ரப்பர்த் தட்டுகளுக்கிடையில் வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து அச்சாக்குகிறார்கள். அச்சு இரண்டாகப் பிரிய வேண்டியிருப்பதால், சிப்பாயின் கைகால்கள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அமைய வேண்டும். நேராக நம்மை நோக்கிக் குறி பார்ப்பவனை ஒரே துண்டாக வார்ப்பது கடினம் என்பதால்தான் இத்தனை வீரர்கள் பக்கவாட்டிலேயே சுடுகிறார்கள் என்ற ரகசியம் எனக்கு அங்கே விளங்கிற்று. அம்மையார் அச்சின்மேல் டால்கம் பொடி தூவித் தட்டினார். மூசையில் உருகிக் கிடந்த வெள்ளீயக் கலவையின் கசடை ஒதுக்கி, சுழலும் அச்சின் நடுத்துளையில் ஒரு கரண்டி வார்த்தார். கலவையில் சேரும் ஆண்டிமனி உலோகத்துக்குக் கடினம் கொடுத்து, பொத்தான்வரை கூர்மையாகப் படிய வைக்கிறது. அச்சைப் பிரித்ததும், சக்கரத்தின் ஆரங்களைப் போல வெள்ளிச் சிப்பாய்கள் வெளிவந்தார்கள். அவர் ஒவ்வொருவரின் துப்பாக்கி முனையையும் விரலால் தடவிப் பார்த்தார். முனை நிரம்பாதவன் மறுபடியும் மூசைக்குள் போனான். பார்வையைவிட விரலை நம்பலாம் என்றார் அவர்; நாளெல்லாம் உலோகத்தைத் தொட்டுத் தேய்ந்த விரல்கள் அவை.

தேர்வு மேசையில் எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. அளவைப் பற்றி எனக்குத் தயக்கமில்லை: 28 மில்லிமீட்டரில் பண்ணையின் முற்றமே மேசையை விழுங்கிவிடும்; 6 மில்லிமீட்டரில் முகம் இருக்காது. நிலையைப் பற்றித்தான் யோசனை. முன்பொரு முறை, தோளில் துப்பாக்கி சாய்த்து அணிவகுத்து நடக்கும் உருவங்களை மலிவென்று வாங்கி, அவற்றை வேலிக்குப் பின்னால் வைக்க முடியாமல் வருந்தியவன் நான். இலகு பட்டாளத்தார் இருவர் இருவராகச் சண்டையிடுவார்கள். ஒருவன் சுடும்போது மற்றவன் மருந்து கெட்டிப்பான். ஆகவே சுடுபவனுக்கு இணையாகக் கெட்டிப்பவன் ஒருவன் வேண்டும். அவர்களுக்குத் தோட்டா தீர்ந்தபின் துப்பாக்கியைத் திருப்பி ஓங்குபவனும் வேண்டும். கரும்பச்சைச் சட்டைக்காரர்களாகப் பதினெட்டுப் பேரைப் பொறுக்கினேன். பிரெஞ்சு இலகு காலாட்படையினர் இருபதின்மரை விரைவிலேயே சேர்த்துவிட்டேன்.

ஓர் ஆள் மட்டும் அகப்படவில்லை. பண்ணையின் களஞ்சியக் கதவை முதல் நாள் இரவே விறகுக்காக உடைத்துவிட்டிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் களஞ்சியத்துக்குத் தீ வைத்தபோது, துணைக்கு வந்திருந்த நாசாவ் சிப்பாய்கள் முதுகில் சுமந்திருந்த பெரிய சமையல் கொப்பரைகளைப் பேரிங்கும் அவருடைய ஆட்களும் பற்றி, குளத்து நீரை மொண்டு அந்தத் தீயை அணைத்தார்கள். சுடுகிறவன், விழுகிறவன், கொம்பூதுகிறவன் என்று எல்லோரையும் வார்க்கும் இத்தொழில், தண்ணீர் சுமந்தவனை மறந்துவிட்டது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. அதை வாய்விட்டே சொன்னேன்.

சிற்பி பதில் சொல்லவில்லை. தட்டிலிருந்து ஓடும் நிலையிலுள்ள ஒருவனை எடுத்து, துப்பாக்கியை இடுக்கியால் நறுக்கி, கைகளை மெல்ல வளைத்து, மிஞ்சியிருந்த பச்சைப் பசையில் மிளகளவு உருட்டிக் குழித்து, அந்தக் கைகளுக்கிடையில் பொருத்தினார். அம்மையார் எழுந்து வந்து பார்த்து, கைப்பிடி வைக்கவில்லையே என்றார். மயிரிழை போன்ற கம்பி ஒன்று வளைந்து அங்கே ஏறிற்று. பிறகு அவனைத் தக்கையில் குத்தி விளக்கடியில் வைத்தார். பசை நன்றாக இறுக மறுநாள் காலையாகிவிடும் என்றார். நான் அன்றிரவு நாட்டிங்ஹாமிலேயே தங்கிவிட்டேன்.