கோடு கிழிக்கும் யந்திரம்

பழைய ரேடியோப் பெட்டியைத் திறந்து பார்க்க ஆசைப்படாத பிள்ளை உண்டா? உள்ளே ஒரு பலகை இருக்கும். அதன் முதுகைத் திருப்பினால், புள்ளி வைத்து இழுத்த கோலம் மாதிரி செம்புக் கோடுகள் ஓடும். அந்தக் கோடுகள்தாம் கம்பிகள். தொடக் கூடாத இடத்தில் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் ரேடியோ வாய் திறக்காது. 'அச்சிட்ட மின்சுற்றுப் பலகை' என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். பையன்கள் பி.சி.பி. என்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பி.சி.பி.யை வீட்டிலேயே செய்கிற ஒருவனை எனக்குத் தெரியும். என் அக்காள் மகன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமம் ஒன்றில் அவர்கள் வீடு. பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைப் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. சாயங்காலம் வீடு திரும்பினால் தனக்கென்று ஏதாவது செய்துகொண்டிருப்பான். கிணறு வற்றினால் மோட்டார் தானே நின்றுபோவதற்கு ஒரு பலகை, பக்கத்து வீட்டுக் கோழிக் குஞ்சுகளுக்குச் சூடு காட்டும் விளக்கை அணைத்து ஏற்ற ஒரு பலகை, இப்படி.

அந்தப் பக்கத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. 1980-களில் அங்கே தொழிற்சாலைகள் வந்தன. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி என்று பெரும்பாலும் ரசாயனந்தான். ஒரு பக்கம் சாலை; மறு பக்கம் உப்பனாறு. குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி என்று கிராமங்களுக்கு அழகழகான பெயர்கள். ஆனால் அந்தப் பெயர்களை நான் பத்திரிகையில் பார்த்ததெல்லாம் நாற்றத்தைப் பற்றிய செய்திகளில்தான். 2004-ல் ஊர்க்காரர்களே ஒரு காரியம் செய்தார்கள். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு பை, காற்றை இழுக்க ஒரு சின்னப் பம்பு. நாற்றம் வீசும் சமயத்தில் காற்றைப் பையில் பிடித்து அமெரிக்காவிலுள்ள சோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். 22 நச்சுப் பொருள்கள் இருப்பதாகப் பதில் வந்தது. காற்றை வாளியில் மொண்ட இந்தக் கதையை நான் எழுதியிருந்தால் மிகை என்று விமரிசகர்கள் சொல்லியிருப்பார்கள். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டிலேயே மிக மோசமாகக் கெட்டுப்போன தொழிற்பகுதிகள் என்று 43 இடங்களைக் குறித்தபோது, கடலூரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

என் அக்காளுக்கு இழுப்பு உண்டு. எதனால் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. எந்த ஜன்னலைச் சாத்தலாம், எதைத் திறக்கலாம் என்பதை மட்டும் தினமும் இரவில் காற்று வீசும் திசையைப் பார்த்துத் தீர்மானம் செய்வாள்.

பி.சி.பி. செய்ய ஊரறிந்த வழி அரிக்கிற வழி. கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து இறுக்கிய பலகை; கனம் 1.6 மில்லிமீட்டர். அதன்மேல் 35 மைக்ரான் கனத்தில், அதாவது தலைமயிரைவிட மெல்லியதாக, செம்பு படர்ந்திருக்கும். வேண்டிய கோடுகளை மையால் மூடிவிட்டுப் பெரிக் குளோரைடு கரைசலில் போட்டால், மூடாத செம்பெல்லாம் கரைந்துபோகும். "அது அமிலம் இல்லை மாமா, உப்பு" என்று என்னைத் திருத்துவான் மருமகன். கரைத்தால் அமிலம்போலத்தான் நடந்துகொள்கிறது. 1936-ல் லண்டனில் குடியேறிய பால் ஐஸ்லர் என்ற ஆஸ்திரியர் இப்படிப் பலகை செய்து ஒரு ரேடியோவைப் பாட வைத்தார். அவருக்கு அச்சுத் தொழிலில் பழக்கம் உண்டு. நம் பத்திரிகைகளில் முன்பு படம் போடுவதற்குத் துத்தநாகத் தகட்டை அமிலத்தில் அரித்துப் பிளாக் எடுப்பார்களே, அதற்கு இது தம்பி முறை.

மருமகனும் முதலில் இந்த வழியில்தான் போனான். கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் திரவம். சட்டையெல்லாம் மஞ்சள் கறை. கறையை அக்காள் பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தபோதுதான் தகராறு வந்தது. நான் திண்ணையில் இருந்தேன்.

"எங்கேடா கொண்டு போறே?"

"கீழே ஊத்தத்தான். ஒரு தம்ளர்தானேம்மா."

"அவங்களும் முதல்லே ஒரு தம்ளர்தான் ஊத்தியிருப்பாங்க."

மருமகன் திரும்பி வந்துவிட்டான். அந்தக் கரைசலில் கரைந்த செம்பு இருக்கிறது. தண்ணீரில் சிறிதளவு இருந்தாலும் மீனுக்கும் புழுபூச்சிக்கும் ஆகாது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் அது அவன் படித்த விஷயம். அவளுக்கு ஆறு பார்த்த விஷயம். திரவம் ஒரு பெரிய பாட்டிலில் புகுந்து பரண் ஏறியது.

பிறகு ஒரு வருஷம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்த யந்திரத்தை வாங்கினான். சி.என்.சி. மில்லிங் யந்திரம். தையல் மிஷின் அளவுதான் இருக்கும். மேலே ஒரு சிறிய மோட்டார். அதன் நுனியில் பென்சிலைச் சீவிவிட்டதுபோல ஓர் உளி. கம்ப்யூட்டர் சொல்கிறபடி மூன்று திசையிலும் நகர்ந்து செம்பைக் கீறிக்கொண்டே போகிறது. இதன் மூதாதையை 1952-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஓட்டிக் காட்டினார்கள். ஓர் அறையை அடைத்துக்கொண்ட அந்த யந்திரத்துக்குக் காகித நாடாவில் துளையிட்டுக் கட்டளை கொடுத்தார்களாம்.

அரிக்கிற வழியில் வேண்டாத செம்பு முழுவதும் போய்விடுகிறது. இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு கோட்டையும் சுற்றி வரப்பு வெட்டினாற்போல ஒரு பள்ளம் கீறிவிட்டால் போதும். மற்ற செம்பு தன் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகலாம். பள்ளத்தின் ஆழம் பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டாம். ஆனால் பலகை எப்போதும் கொஞ்சம் கோணியிருக்கும். அதனால் உளி முதலில் ஒன்றும் வெட்டாமல், பலகையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொட்டுத் தொட்டு மேடு பள்ளத்தைக் குறித்துக்கொள்கிறது. செம்பைத் தொட்டதும் மின்சாரம் பாயும். அதுதான் அதற்கு ஸ்பரிசம். குருடர் ஒருவர் முகத்தைத் தடவி ஆளை அறிவது போன்ற இந்தக் காட்சியை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். எழுத வேண்டிய தொடர்கதை காத்துக்கொண்டிருந்தது.

அன்று அவன் கீறிக்கொண்டிருந்தது அக்காளுக்கான பலகை. ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு அழுகிய முட்டைபோல நாறும். ஆனால் மூக்கு சிறிது நேரத்தில் மரத்துப்போய், வாயு இருந்தாலும் இல்லை என்று சொல்லும். அதை மோந்து அறிகிற ஒரு சிறு கருவியைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வந்திருந்தான். காற்று கெட்டால் அக்காள் தலைமாட்டில் மணி அடிக்க வேண்டும்.

ஆனால் இந்த யந்திரமும் சாதுவல்ல. கீறும்போது செம்போடு கண்ணாடி இழையும் தூளாகிறது. கண்ணுக்கு அரிதான தூள், கரையாது, மூச்சோடு போனால் நெஞ்சைப் பதம் பார்க்கும். முதல் வாரமே அக்காள் இருமினாள். "ஆத்துக்கு விடாம எனக்கு விட்டியாடா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே யந்திரம் காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகைக்குப் போயிற்று. அதைச் சுற்றி ஒரு பெட்டி, தூளை உறிஞ்ச ஒரு குழாய், அவன் முகத்துக்கு முகமூடி. மீந்த தூளை ஈரத் துணியால் துடைத்து ஊறுகாய் ஜாடியில் போட்டு மூடி வைக்கிறான். துடைப்பம் தொடக் கூடாது என்பது உத்தரவு.

ஆயிரக்கணக்கில் பலகை செய்கிற பெரிய தொழிற்சாலைக்கு இந்த வழி உதவாது. அவன் யந்திரத்தில் ஒரு பலகைக்கு முக்கால் மணி ஆகிறது. உளி நுனி மழுங்குகிறது. மயிரிழைக் கோடுகள் வருவதில்லை. பெரிய இடங்களில் இன்றும் அரிக்கத்தான் செய்கிறார்கள். கழிவுக் கரைசலிலிருந்து செம்பை மீட்கவும் வழிகள் உண்டு; செலவு செய்ய மனம் வேண்டும். மருமகனின் மாதிரியில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். கழிவு அவன் வீட்டிலேயே இருப்பதால், அது எவ்வளவு என்று அவனுக்குத் தெரிகிறது. ஜாடியில் கால் பாகம்.

பரண்மேல் ஏறிய பாட்டிலைப் போன மாதம் இறக்கினான். அதில் இரும்பு ஆணிகளைப் போட்டான். இரும்பு கரையக் கரைய, செம்பு சிவந்த சேறாக அடியில் படிந்தது. அதை வடிகட்டி உலர்த்திப் பொட்டலம் கட்டினான். மேலே மீந்தது பச்சையும் மஞ்சளுமாக ஓர் இரும்புத் தண்ணீர். "இதுலே இப்போ செம்பு அநேகமா இல்லை அம்மா" என்று கொண்டுபோய்க் காட்டினான்.

அக்காள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அநேகமான்னா எவ்வளவு?" என்றாள்.

பாட்டில் மறுபடியும் பரணில் இருக்கிறது.